அவர் டப்பாவில் என் சளி

ஐந்தாறு வருடம் முன்பு, மாரியம்மன் பண்டிகை முடிந்த வாரம் நடந்தது. அப்போது ராமாபுரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். இப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில் மகன் வீட்டோடு இருக்கிறேன். வாசலைத் தாண்டினால் ஆட்டோ வந்து இடிக்கும். ஆனால் பேச ஆள் கிடைக்கும், எனக்கு அது போதும். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மாடிவீட்டு டீச்சர் எழுதுகிறார்.

என் வீட்டுக்காரருக்குக் கல் குவாரியில் வேலை. ஓயாமல் இருமுவார். கிராம ஆஸ்பத்திரி வேனில் வந்த சிஸ்டர் அந்த இருமலைக் கேட்டுவிட்டு, ஒரு சின்ன டப்பாவில் அவர் பெயரை எழுதி, காலையில் எழுந்ததும் வரும் சளியைப் பிடித்து வைக்கச் சொன்னார். இவர் முடியவே முடியாது என்றுவிட்டார். நோய் என்று தெரிந்தால் மேஸ்திரி நிறுத்திவிடுவான் என்று பயம். சிஸ்டரும் விடுகிற ஆள் இல்லை. பெண் கேட்டு வருகிற மாதிரி மறுநாள் காலையிலேயே, கன்னடத்தில் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'அஜ்ஜி' என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கொல்லைப்பக்கம் போய், காறி என் சளியைத் துப்பி, மூடிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் லேசாக இருமல்தான், அடுப்புப் புகை என்று விட்டிருந்தேன். நமக்குத்தான் ஒன்றும் இல்லையே, 'நோய் இல்லை' என்று வந்துவிடும், அவரும் நிம்மதியாக வேலைக்குப் போவார் என்று நினைப்பு. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்குக் களி கிண்டினேன்.

நாலைந்து நாள் கழித்து சிஸ்டர் வேகமாக வந்தார். இவரை உட்கார வைத்து, சளியில் டி.பி. கிருமி இருக்கிறது, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்.

"நான் துப்பவே இல்லீங்களே," என்றார் இவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்; மாமியார் செத்த வீட்டிலேயே சிரித்துத் திட்டு வாங்கியவள் நான்.

"அது என்னுதுங்க சிஸ்டர்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நோய் உங்களுக்குத்தான் அஜ்ஜி."

இவர் கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து சட்டையை மாட்டினார். "கெளம்பு புள்ள, நானும் வர்றேன்."

ஆஸ்பத்திரியில் அவருக்கும் நெஞ்சில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டி.பி. இல்லை. கல் தூசி படிந்து படிந்து நெஞ்சு இறுகிப் போயிருந்தது. அதற்கு மருந்து கிடையாது, குவாரிப் பக்கமே போகாமல் இருந்தால் கொஞ்ச நாள் தள்ளலாம் என்றார் டாக்டர்.

அன்றோடு அவர் வேலையை விட்டார். தினமும் நான் மாத்திரையை விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். நான் தேறத் தேற அவர் ஒட்டிப்போனார். எனக்குக் குணமாகிவிட்டது என்று சிஸ்டர் சொல்ல வந்த அன்று, சுவரில் சாய்ந்தபடி, "இவளாவது தேறுனாளே," என்றார். அதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது. அடுத்த பங்குனியில் போய்விட்டார்.

இப்போது இந்த வீட்டு மூன்று மாடியும் நிற்காமல் ஏறுகிறேன், வழியெல்லாம் பேசிக்கொண்டே. மேலே போய் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கும்போது மட்டும், அவருக்குக் கிடைக்காததை நான் எடுத்துக்கொள்கிற மாதிரியே இருக்கிறது.