மஞ்சள் சிவந்த சுவர்

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவேன். பென்னலூரில் ஏகாம்பரம் கட்டிய புது வீட்டில், கும்பிட்ட பிறகும் அன்றைக்குத் தொட முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஏகாம்பரம் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். பூச்சு வேலை முடிந்த கையோடு தை மாதத்தில் கிரகப்பிரவேசம் வைத்துவிட்டார். மறுநாளே ஆயில் பெயிண்ட் ஆரம்பிக்க வேண்டும் என்று டின்களும் வாங்கி வைத்திருந்தார். "சுவத்துல மூஞ்சி தெரியணும் மேஸ்திரி, எங்க மேனேஜர் ரூம் மாரி" என்பார்.

நான் போனபோது அவர் மனைவி செல்வி வெளியே மணல் குவியல் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஆறு மாத கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. ஏகாம்பரத்தின் அம்மா கன்னியம்மா வாசலை மறித்து நின்றார்.

"நீயே போய் பாரு மேஸ்திரி. சுவரு ரத்தம் காட்டுது."

முதல் நாள் பெண்கள் ஹால் சுவரெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்கள். அத்தனையும் உறைந்த ரத்தம் மாதிரி கருஞ்சிவப்பு. நானும் சகுனம் பார்க்கிறவன்தான். என்னையறியாமல் "முருகா" என்றேன்.

"இன்னா நீயும் முருகாங்குற?" என்றார் பின்னாலேயே வந்த ஏகாம்பரம். "வித்துடுன்னு சொல்றாங்க அம்மா. ஓ.டி. பாத்து பாத்து கட்டுன வூடுய்யா."

செல்வி வெளியிலிருந்தே சொன்னாள்: "எனக்கு வூடு வேணாண்ணே. கொயந்த தங்குனா போதும்."

குரல் வந்த வாசல் பக்கம் திரும்பினேன். நிலைக்காலில் வைத்த மஞ்சள் கண்ணில் பட்டது. அது மஞ்சளாகவே இருந்தது. அதே கிண்ணம், அதே கை. மரத்தில் மஞ்சள், பூச்சில் சிவப்பு. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

"பெரிம்மா, சுருக்குப் பையில சுண்ணாம்பு டப்பி கீதா?"

"இப்ப உனக்கு வெத்தல ஒண்ணுதான் கொறச்சல்" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கிண்ணத்தில் மிஞ்சியிருந்த மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்கினேன். சிவந்தது. செல்வியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது இன்னாம்மா?"

எட்டிப் பார்த்தாள். "ஆரத்தி" என்றாள்.

"சிமெண்டுலயும் சுண்ணாம்புக் காரம் கீதும்மா. பூச்சு பச்சையா கீற வரைக்கும் மஞ்சள் பட்டா செவக்கும். உன் வூட்டு சுவரே உனக்கு ஆரத்தி எடுத்துகீது, வா உள்ள."

கன்னியம்மா மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டார். "தெருவுக்கே ஆரத்தி கரைக்கிறவ நானு. எனக்கே சொல்லித் தரான் பாரு!" ஆனால் வாசலை விட்டு விலகிவிட்டார்.

"அப்ப பெயிண்ட்ட ஆரம்பி" என்றார் ஏகாம்பரம்.

"அதான் முடியாது. மஞ்சள செவக்க வெச்ச காரம் பெயிண்ட்டுல கீற எண்ணெயத் தின்னுடும். உள்ள ஈரம் வேற. கொப்புளம் கொப்புளமா உரியும்."

குழந்தை பிறந்த வீட்டில் சுவர் உரிந்தால் மறுபடி ஒரு சகுனம் கிளம்பும். அதை நான் வாயால் சொல்லவில்லை. ஏகாம்பரம் செல்வியைப் பார்த்தார். டின்களைப் பரணில் ஏற்றினார்.

கம்பெனி ஆட்கள் "வூடு கட்னியா, குடோன் கட்னியா?" என்று கேலி பேசினார்கள். மாசியில் வளைகாப்பு வெறும் சுவருக்கு நடுவில்தான் நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் செல்வி சுவரில் புதிதாக ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பாள். அவள் தாய்வீடு போன பிறகு, யாரும் சொல்லாமலே கன்னியம்மா வைத்தார். வைகாசி வெயிலுக்குப் பிறகுதான் ஆளனுப்பினார்: "மஞ்சள் மஞ்சளாவே கீது, வரச் சொல்லு."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பட்டி பார்த்துப் பள்ளங்களை அடைத்தோம். சுவரை ஒட்டிப் பல்பைப் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் நிழலாய்த் தெரியும். நிழல் அடங்கும்வரை தேய்த்து, அப்புறம் இரண்டு கோட் பெயிண்ட். ஏகாம்பரம் அதில் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். புதுப் பூச்சென்றால் டின்னைத் திறக்குமுன் அந்த வீட்டு அம்மாவிடம் கொஞ்சம் மஞ்சள் கேளுங்கள். சுவர் சம்மதம் சொன்ன பிறகு பிரஷ்ஷை எடுங்கள்.

ஆவணியில் செல்வி பெண் குழந்தையோடு வந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கன்னியம்மா வாசலில் தட்டை வைத்து, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே என்னைத் தேடிப் பிடித்துக் கேட்டார்:

"இன்னா மேஸ்திரி, இது செவக்கலாமில்ல?"