வள்ளி எழுதாமல் விட்ட கை

மிளகாய்ப் பொடி நெடி மூக்கில் ஏறினால் எல்லோருக்கும் தும்மல் வரும். எனக்கு முதலில் என் தங்கை வள்ளியின் ஞாபகம்தான் வரும்...

ஐம்பதுகளின் கடைசி. கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. கீழே மிளகாய் அரைக்கும் மில். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால் மாடியில் இருக்கிற அத்தனை குடும்பமும் தும்மும். சரியாக அந்த நேரத்துக்கு வள்ளி வாந்தி எடுப்பாள். அதற்குக் காரணம் மில் இல்லை. அது ஸ்கூலுக்குக் கிளம்புகிற நேரம்.

அவளுக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. இருவரும் ஒரே இங்கிலீஷ் ஸ்கூல். வள்ளிக்கு இடது கைதான் ஓடும். டீச்சர் ரூலரால் விரல் முட்டியிலேயே போட்டு, பென்சிலை வலது கைக்கு மாற்றுவார். வலது கையில் எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதற்கும் அடி.

ஒரு நாள் கிளாஸில் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். ஈர யூனிஃபார்மோடு தேக்கா மார்க்கெட் வழியாக நான்தான் கூட்டி வந்தேன். அம்மா அவளுடைய வீங்கின விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தார். சாயங்காலம் அப்பா ஹார்பர் வேலை முடிந்து வந்ததும் அம்மா சொல்லிவிட்டார்.

"நாளையிலேர்ந்து புள்ள ஸ்கூலுக்குப் போகாது. நானே சொல்லித் தரேன்."

"நீ படிச்சதே அஞ்சாங்கிளாஸ் லா. இங்கிலீஷுக்கு எங்க போவ?"

"பெரியவ இருக்காள்ல, அவ சொல்லட்டும். அடி வாங்கித்தான் படிக்கணும்னா அந்தப் படிப்பு என் புள்ளைக்கு வேணாம்."

பக்கத்து அறைக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா என்ன? அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் சில மாதம் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா... புளியங்கொட்டையில் கூட்டல், கழித்தல். பருப்புச் சுற்றி வந்த பேப்பரைப் பிரித்துத் தமிழ் வாசிப்பு. ஸ்கூல் விட்டு வந்ததும் என் ரீடரை வைத்து இங்கிலீஷ். வாந்தி நின்றது. வள்ளி சிரித்தாள். ஒரு வருஷத்துக்குள் என்னைவிட வேகமாக வாசித்தாள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, பொய் சொல்வானேன்.

ஆனால் எழுத்து... அங்கேதான் எங்கள் அம்மாவும் டீச்சர் ஆகிவிட்டார்.

"பீச்சாங்கையால எழுதுனா சரஸ்வதி நிப்பாளா கண்ணு?"

அடிக்கவே மாட்டார். தன் முந்தானையை வள்ளியின் இடது மணிக்கட்டில் சுற்றி, நுனியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். வலிக்கக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் சுற்றுவார். வள்ளி வலது கையில் பலப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிலேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது வள்ளி இடது கையால் சிலேட் முழுக்க எழுதியிருந்தாள். அம்மா, அப்பா, அக்கா... அச்சில் வார்த்த மாதிரி எழுத்து.

"அக்கா, அம்மாட்ட சொல்லிடாதே."

தலையாட்டினேன். அம்மா வந்ததும், பாத்திரம் கழுவாமல் கிடக்கிறதே என்று என்னைத் திட்டினார். பக்கத்திலேயே வள்ளியின் தலையைக் கோதிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒங்க செல்லப் புள்ள பீச்சாங்கையால எழுதுது. போய்ப் பாருங்க!"

அம்மா சிலேட்டை எடுத்து வாசித்தார். ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே முந்தானையால் அழித்தார். வள்ளி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தக் கையாலும் பலப்பத்தைத் தொடவில்லை. அம்மா கெஞ்சினார், மிட்டாய் வாங்கித் தந்தார். கடைசியில் ஒரு நாள், "எந்தக் கையால வேணா எழுது தாயி" என்றுகூடச் சொல்லிவிட்டார். அப்போது காலம் கடந்திருந்தது.

அறுபதுகளின் கடைசியில் வள்ளிக்குக் கல்யாணம். ரெஜிஸ்டர் ஆபீஸில் ஃபாரத்தை முழுக்க வாசித்து, அப்பா பெயரில் இருந்த ஒரு பிழையை அவள்தான் காட்டினாள். கிளார்க் பாராட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார். வள்ளி கட்டைவிரலை நீட்டினாள். பெண்ணின் அக்காவாகப் பக்கத்தில் நின்ற எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

குவீன்ஸ்டவுன் ஃபிளாட்டில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது ஈசூனில் மகனோடு இருக்கிறாள். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். கையெழுத்து மட்டும் இன்றுவரை கிடையாது.

போன வாரம் போயிருந்தேன். அவளுடைய பேத்தி ஹால் தரையில் படுத்து ஹோம்வர்க் எழுதிக்கொண்டிருந்தாள். இடது கையால். இடது கைப் பிள்ளைகளுக்கென்றே கத்தரிக்கோல் இருக்கிறதாம், அவளுடைய டீச்சர் கொடுத்தாராம். காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்...

"பாட்டி, யூ ட்ரை லா" என்று குழந்தை பென்சிலை நீட்டினாள்.

வள்ளியின் இடது கை தானாக எழுந்தது. பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதே பார்வை.

"எழுது வள்ளி... நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன்.

"சொல்றதுக்கு அம்மா எங்க இருக்காங்க அக்கா?" என்று சிரித்தாள். பென்சிலைக் குழந்தையிடமே கொடுத்துவிட்டு, எனக்குக் காப்பி போட எழுந்து போனாள்.