சித்தப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

என் சித்தப்பா மீன் பிடித்ததை நான் ஒரு நாளும் கண்டதில்லை. வேகப்படகுக்காரரோடு சண்டை பிடித்ததைத்தான் கண்டிருக்கிறேன். அதை அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நேர்த்தி வைத்தவர் மாதிரிச் செய்துவந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா தம்பியையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் போய்விட்டார். விசாப் பேப்பர் சரிவந்ததும் அப்பாவும் நானும் போவதாகத் திட்டம். அந்தப் பேப்பர் இந்தா வருகுது, அந்தா வருகுது என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடியின் நாலாவது மாடியில் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். அப்பா கிழமை நாட்களில் ஒரு கொம்பனிக்குக் கணக்குப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு கொம்பனிக்குக் கணக்குப் பார்த்தார். எங்கள் கட்டடத்தில் என் வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. கீழ் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதுவும் என்னைக் கண்டால் எழும்பி உள்ளே போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஆனால் நான் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிற ஆள். திறக்கலாம் என்று நினைக்கும்போது மணி அடித்துவிடும், கூட்டிப்போக வான் வந்துவிடும். இப்போதும் நான் அப்படித்தான். என்ன செய்வது, சிலரைக் கடவுள் அப்படிப் படைத்துவிடுகிறார்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தனியாக இருந்தார். கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, கேட்டபோது கையில் பலகாரத்தைத் தந்தார்கள். புறக்கோட்டையில் தண்ணீர்க் குழாயும் பேசினும் கொமட்டும் விற்கிற கடை ஒன்றில் வேலை செய்தார். கிழமை முழுக்கக் கொமட்டுகளுக்கு நடுவில் நிற்கிற மனிசனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நல்ல தண்ணீரைக் காண வேண்டும்தானே என்று அப்பா பகிடி பண்ணுவார். அந்தத் தண்ணீர், பொல்கொட வாவி. சித்தப்பாவுக்கு நீந்தத் தெரியாது.

காலை ரயிலில் கோட்டையில் ஏறி வருவார். வெள்ளவத்தை நிலையத்தில் ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் அப்பா என்னைத் தூக்கிக் கதவடியில் நிற்கிற அவரிடம் கொடுத்துவிடுவார். இருவரும் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. கதைக்க நேரமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மொரட்டுவையில் இறங்கி, ஓட்டோ பிடித்து வாவிக்கரைக்குப் போனால், அங்கே ஒரு சிங்களவர் துடுப்புப் படகு வாடகைக்குக் கொடுப்பார். சித்தப்பா அவரைச் சிங்களத்தில் “அய்யே”, அண்ணா என்பார். எனக்கு மட்டும் ஒரு மிதவை அங்கி எடுத்துக் கட்டிவிடுவார். தனக்கு வேண்டாம், அதைப் போட்டால் தூண்டில் வீசக் கை வராது என்பார்.

வாவியில் மீன் பிடிக்க எத்தனையோ ஒதுக்கமான மூலைகள் இருந்தன. கண்டல் மர நிழல்கள் இருந்தன. சித்தப்பா நேராகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போய், வாவி ஒடுங்கித் திரும்புகிற முடக்கில், நட்டநடுவில் நங்கூரக் கல்லைப் போடுவார். அது வேகப்படகுகள் போய்வருகிற பாதை. படகுக்கார அய்யே முதல் நாளே “எத்தன நவத்தன்ன எபா, மஹத்தயா” என்று அங்கே நிறுத்த வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். சித்தப்பா கேட்கவில்லை. அந்த ஆழத்தில்தான் கொடுவா நிற்கும் என்றார். அந்தக் கொடுவா நின்றதோ இருந்ததோ, எங்களிடம் வந்ததில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. “நிக்கிறவனுக்கு ஓடுறவன் வழி விடோணும். உலகம் முழுக்க இதுதான் முறை” என்பார். வேகமாக ஓடுகிற படகு, நிற்கிற படகைக் கண்டால் தூரத்திலேயே எஞ்சினைக் குறைக்க வேண்டும், அலை எழுப்பக்கூடாது, முடிந்தால் அடுத்த கரையால் போக வேண்டும். எல்லாம் சரிதான். நாங்கள் நடுப்பாதையில் குந்திக்கொண்டிருப்பது முறையா என்பது பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

முடக்கால் திரும்பி வருகிற படகுகளில் ஒரு வெள்ளைப் படகு இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு அன்ரி. பின்னால், வந்த வழியைப் பார்த்தபடி, என் வயது இருக்கிற ஒரு பிள்ளை. முதல் ஞாயிறு அவர்கள் எங்களைக் கடந்து போனபோது எழும்பிய அலையில் எங்கள் தேத்தண்ணிப் போத்தல் கவிழ்ந்தது, இறால் இரை கொட்டுப்பட்டது, நான் படகின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு கத்தினேன். சித்தப்பா எழும்பி நின்று சிங்களத்தில் “ஹெமின், ஹெமின்” என்று மெதுவாகப் போகச் சொன்னார். பிறகு இங்கிலிஷில் ஏதோ முறை பற்றிச் சொன்னார். கடைசியில் தமிழில் ஏசினார். தமிழில் ஏசியதை இங்கே எழுத முடியாது.

அவர் ஏசிக்கொண்டிருக்க, தூரமாகிக்கொண்டிருந்த அந்தப் படகின் பின்பக்கத்தில் இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டு எனக்குக் கை காட்டினாள். நானும் சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து கை காட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் கிழமை முழுக்க நான் அந்தக் கையோடுதான் இருந்தேன். அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அலை அடித்தது, சித்தப்பா ஏசினார், அவள் கை காட்டினாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். தூரத்தில் இருந்தும் தெரியட்டும் என்று நான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகத் தொடங்கினேன். அவளுக்கு நானே ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயரை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் அம்மா ஸ்கைப்பில் வந்து என்ன செய்தாய் என்று கேட்டால், சிநேகிதியோடு இருந்தேன் என்பேன். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். பிள்ளைக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று அப்பாவிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

ஆக, சித்தப்பா அந்தப் படகு தொலைய வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்து அது வர வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரே நங்கூரக் கல்லில் இரண்டு பேரும் கட்டுண்டு கிடந்தோம்.

ஒரு ஞாயிறு சித்தப்பா ரயிலில் வரும்போது கையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் ஒரு சிவப்புத் துணியும் கொண்டுவந்தார். அவருடைய கடையில் நீளக் குழாய்களை லொறியில் ஏற்றும்போது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அதைக் கண்டால் பின்னால் வருகிற எந்த வாகனமும் வேகத்தைக் குறைத்து விலகிப் போகும். புறக்கோட்டையில் இதை அறியாத மனிசன் இல்லை. வாவியிலும் இருக்க மாட்டான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். துணியைக் குழாயில் இறுக்கிக் கட்டி என் கையில் தந்தார்.

“படகு வந்த உடன நல்லா ஆட்டு. பெலத்தா ஆட்டு” என்றார்.

எனக்கு வேறென்ன வேண்டும்? இவ்வளவு பெரிய கை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. வெள்ளைப் படகு முடக்கால் திரும்பியதுதான் தாமதம், நான் எழும்பி நின்று அந்தச் சிவப்புத் துணியை இரண்டு கையாலும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

தண்ணீரில் சிவப்புத் துணி ஆட்டினால் அது ஆபத்தில் இருக்கிறவன் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். கொமட் கடையில் அது தெரியாது. வெள்ளைப் படகு தலையைத் திருப்பி, இருந்த வேகத்தையும் கூட்டிக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தது.

“பார், வேணுமெண்டு வேகத்தைக் கூட்டுறான்” என்று சித்தப்பா எழும்பினார்.

எங்களுக்குக் கிட்ட வந்ததும் அந்த ஆள் எஞ்சினைப் பட்டென்று நிறுத்தினார். படகு நின்றது. ஆனால் அது எழுப்பிக்கொண்டு வந்த அலைக்கு எஞ்சின் இல்லையே, நிறுத்த. அது அவர்களைத் தாண்டி வந்து எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. நான் படகின் அடித்தட்டில் விழுந்தேன். சித்தப்பா ஏசத் திறந்த வாயோடு, கையில் தூண்டில் தடியோடு, தண்ணீருக்குள் போனார்.

அவர் தலை ஒருமுறை மேலே வந்தது. பிறகு காணவில்லை. அந்த ஆள் கண்ணாடியையும் கழற்றாமல் குதித்தார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் சட்டைக் கொலரைப் பிடித்து மேலே கொண்டுவந்தார்.

“பயப்பிடாதேங்கோ. நான் பிடிச்சிட்டன்” என்றார்.

தமிழ். அதுவும் எங்கள் வீட்டுத் தமிழ். தண்ணீருக்குள் போனபோது வராத பயம் சித்தப்பாவின் முகத்தில் அப்போது வந்ததை நான் கண்டேன்.

எங்கள் இருவரையும் தங்கள் படகில் ஏற்றினார்கள். சித்தப்பா இருமி முடிந்து மூச்சு வந்ததும், “நாங்கள் ஏசினது… உங்களுக்குக் கேட்டதோ?” என்றார்.

“ஓம் ஐயா. ஒவ்வொரு கிழமையும்.”

“எல்லாமோ?”

“எல்லாம்.”

சித்தப்பா துவாயால் முகத்தைத் துடைக்கத் தொடங்கி, துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கிட்டத்தில் அவள் என்னைவிடச் சின்னவள், முன்பல் ஒன்று இல்லை. வழக்கமாக எனக்கு வாய் திறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொன்னேன். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

“நான்தான் ஒவ்வொரு கிழமையும் உங்களுக்குக் கை காட்டுறனான்” என்றேன்.

“தெரியும். என்னை அப்பாதான் காட்டச் சொல்றவர்.”

“ஏன்?”

“அந்த அங்கிள் ஏசுறவர்தானே. ஏசினா சிரிச்சுக்கொண்டு கை காட்டோணுமாம். அப்ப கோவம் குறைஞ்சிடுமாம்.”

அவள் ஒரு கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தன் செருப்பின் பூவைத் தடவத் தொடங்கினாள். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கிழமை அல்ல, எத்தனையோ கிழமைகளாக நான் வைத்திருந்த சாமானைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து அந்த அன்ரி எனக்கும் ஒரு துவாய் போர்த்திவிட்டார்.

அந்த ஆள் நல்ல மனிசன். பிழை தங்கள் பக்கம்தான் என்றார். நிற்கிற படகைக் கண்டால் வேகத்தைக் குறைப்பதுதான் முறை என்றும், இனி எங்களைக் கண்டால் முடக்கிலேயே எஞ்சினைக் குறைத்து அடுத்த கரையால் போவதாகவும் சொன்னார்.

“இல்லையில்லை, நானும் கொஞ்சம் பாதையிலதான் நிண்டனான்” என்றார் சித்தப்பா. அவர் அப்படி விட்டுக்கொடுத்து நான் கேட்டதில்லை. பிறகு, “எங்க இருக்கிறீங்கள்?” என்று கேட்டார்.

“ஹெவ்லொக் டவுன்.”

“அட, எங்கட அண்ணா வெள்ளவத்தைதான். கூப்பிடு தூரம்.”

“ஓம், கிட்டத்தான்” என்றுவிட்டு அவர் நேரத்தைப் பார்த்தார். அவர் இன்னும் ஏதோ கேட்பார் என்று காத்திருப்பவர்போலச் சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் எங்கள் படகைக் கயிற்றில் கட்டி இழுத்து, அய்யேயின் இறங்குதுறையில் விட்டுவிட்டுப் போனார்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா ரயிலில் கேட்டுக்கொண்டார். பின்னேரம் அம்மா ஸ்கைப்பில் சிநேகிதியைப் பற்றி விசாரித்தார். அவள் வரவில்லை என்றேன்.

அடுத்த ஞாயிறு எனக்குப் போக விருப்பமில்லை. வயிற்றுவலி என்று பார்த்தேன், அப்பா நம்பவில்லை. சிவப்புச் சட்டை போடவில்லை. சித்தப்பா, ஆச்சரியம், நன்றாகத் தலை வாரி, புதுச் சேட்டுப் போட்டு வந்திருந்தார். பையில் கொட்டாஞ்சேனைக் கடையில் வாங்கிய முறுக்குப் பைக்கற்றும் இருந்தது. எனக்கா என்று கேட்டேன். பொறு என்றார். நேரே போய் அதே முடக்கில், அதே நடுப்பாதையில் கல்லைப் போட்டார். நான் முடக்குக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தேன்.

எஞ்சின் சத்தம் கேட்டது. சித்தப்பா எழும்பி நின்றார். சத்தம் உடனே தணிந்தது. சொன்ன சொல் தவறாமல் அந்தப் படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த கரைப் பக்கமாக ஒதுங்கியது. ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கிற காரைப்போல மெல்ல மெல்ல ஊர்ந்தது. எங்கள் படகு அசையவே இல்லை. போத்தல் நின்ற இடத்தில் நின்றது. அந்த ஆள் வெகு கவனமாகத் தன் பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த பிள்ளைக்கு அன்றைக்குக் கை காட்ட ஒரு காரணமும் இல்லை. அவள் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா வலது கையை உயர்த்தினார். உயர்த்தியபடியே நின்றார். படகு எங்களுக்கு நேரே வந்து, கடந்து, சிறிதாகிக்கொண்டு போன பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிசனுக்கு எவ்வளவு மெதுவாகப் போனாலும் போதாது, இன்னும் குறை, இன்னும் குறை என்று கேட்கிறார் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.

“காணும் சித்தப்பா, கையை இறக்குங்கோ” என்றேன். “அவை மெதுவாத்தான் போகினம்.”

“ஓம், ஓம்” என்று சொல்லி அவர் கையை இறக்கினார். பிறகு முறுக்குப் பைக்கற்றை உடைத்து என்னிடம் தந்தார்.