பூனாவுக்குப் பறக்காத மருந்து

பூனாவில் தங்கை மகளுக்குக் கடும் ஜுரம். அங்கே கிடைக்காத ஊசிமருந்தைத் தாதரில் வாங்கிக்கொண்டு, லீவு கேட்க இன்று காலை மானேஜர் வீட்டுக்குப் போனேன்.

"ரயில் எதுக்குப்பா? நான் இப்போ பிளேன்ல பூனாதான் போறேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுவேன். எங்கிட்ட குடு, நீ ஆபீசுக்குப் போ."

மாட்டுங்காவில் எங்கள் தெருக்காரர்தானே என்று நம்பிக் கொடுத்தேன்.

மத்தியானம் அவரே ஆபீசுக்குள் நுழைந்தார். சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் மழையாம், விமானம் கிளம்பவில்லையாம். வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"மருந்து, சார்?"

"அடடா, இந்தக் கைப்பெட்டியிலேயே இருக்கு பாரு!"

வாங்கிக்கொண்டு ஓடினேன். "லீவு எழுதிக் குடுத்துட்டுப் போப்பா!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. ஊசி போட்டார்கள். குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை.

"காலம்பறவே வண்டி ஏறியிருக்கப்படாதாண்ணா?" என்றாள் தங்கை.

நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

விமானம்தான் வேகம் என்பவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள். இந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.