டெல்லா மாமியின் கறுத்த வெள்ளி

பள்ளி முடிந்து எலிசபெத் லைன் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. டெல்லா மாமி மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்றார். நான் அழத் தொடங்குமுன்பே ஃபோனில் அம்மாவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: "அந்த வெள்ளிப் பட்டி எங்க கிடக்கெண்டு சிவாவைக் கேட்டியே?"

மனோர் பார்க்கில் மாமியைத் தெரியாத தமிழர் குறைவு. அவரைத் தெரிந்த, இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. 'சிவாவின்ரை செவ்விந்தியக்காரி' என்றீர்கள். அவர் நவஹோ இனத்தவர். என் அம்மாவின் தம்பி சிவா மாமா அரிசோனாவில் படித்தபோது அவரைச் சந்தித்து மணமுடித்தார். மாமி வெள்ளி வேலை செய்பவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். அதனால் நீங்கள் சொன்னது அவருக்கு எப்போதும் விளங்கியது.

வீட்டின் பின்னால் இருந்த கொட்டிலில்தான் வேலை. பழைய அரங்களைத் தேய்த்துத் தானே செய்த உளிகளால் வெள்ளித் தகட்டில் பூவும் இலையும் அடிப்பார். பிறகு மரக்குற்றியில் குடைந்த குழியில் வட்டத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கிண்ணம்போலக் குவிப்பார். அப்படிக் குவித்த வட்டங்களைத் தோல் வாரில் கோத்தால் இடுப்புப் பட்டி.

ஒருநாள் புதிதாகச் செய்த காப்பைக் காட்டி எப்படி என்று கேட்டார். நல்ல வடிவு என்றேன். மாமி அதைக் குற்றியில் வைத்து ஒரே அடியில் நசுக்கினார்.

"ஒரு பூ சரிஞ்சு கிடந்தது. நீ கண்டனி. கண் இருக்குதெல்லே, பிறகேன் பொய் சொல்லுறாய்?"

நான் அழுதேன். மாமி ஆறுதல் சொல்லவில்லை. நசுங்கிய காப்பை உருக்க எடுத்து வைத்தார்.

துஷி அக்காவின் கலியாணம் எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. துஷி அக்கா பெரியம்மாவின் மகள். படம் எடுக்க எல்லோரும் மேடைக்கு ஏறியபோது மாமி அக்காவின் ஒட்டியாணத்தை விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"மச்சாள், இது மெசினிலை அடிச்சது. ஒரு மனிசற்றை கையும் இதிலை படேல்லை. பிள்ளைக்கு ஏன் வெறும் தகரத்தைக் கட்டி விட்டிருக்கிறியள்?"

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அக்காவின் கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. மாமி மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியம்மா அன்றிலிருந்து மாமியின் கையால் தேத்தண்ணி குடித்ததில்லை.

மாமி தன் இடுப்பில் கட்டியது அவருடைய தாயின் பட்டி. தாயின் தகப்பன் செய்தது. உளி பட்ட பள்ளமெல்லாம் கறுத்திருக்கும். காற்றிலுள்ள கந்தகத்தால்தான் வெள்ளி கறுக்கிறது என்று நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். "காத்து மட்டுமில்லை. அம்மான்ரை வேர்வையும் இருக்கு" என்றார்.

போன தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமிக்கு அப்போதே நோய் முற்றிவிட்டது. அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "என்னை எரிக்க வேண்டாம். மண்ணிலை புதையுங்கோ. இந்தப் பட்டி என்னோடை வரவேணும், எங்கட வழக்கம் அது. ஒருத்தரும் இதை மினுக்கக் கூடாது." மாமா தலையாட்டினார். பெரியம்மா என் எதிரே இருந்தார். அவருக்கும் கேட்டது.

மாமி இறந்த மறுநாள் மாமா அதை நினைவுபடுத்தினார். பெரியம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எங்கட ஆக்களைப் புதைக்கிறதே? சனம் சிரிக்கும்." உயிரோடிருந்தபோது ஒருநாளும் மாமி எங்கட ஆள் இல்லை. செத்த பிறகுதான் அந்த இடம் கிடைத்தது. எரிப்பதற்கான படிவத்தில் மாமா கையெழுத்து வைத்தார்.

அன்று பின்னேரம் பெரியம்மா எங்கள் குசினி மேசையில் பட்டியை விரித்தார். தேசிக்காயைப் பிழிந்து, திருநீறு தொட்டு, அப்பாவின் பழைய சாறம் ஒன்றைக் கிழித்துத் தேய்த்தார். மாமி வேண்டாம் என்று சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"சாமிக்கு வைக்கிற குத்துவிளக்கையே இப்பிடித்தான் மினுக்கிறம். அவவுக்கு என்ன குறை?"

அவர் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் நகத்தை விட்டுத் தேய்த்தார். கை நோகும்போது நிறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு, மறுபடியும் தேய்த்தார். குத்துவிளக்குக்கு அவர் இவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் மாமி சிவப்புச் சேலையில் கிடந்தார். இடுப்பில் பட்டி கடையில் அன்றைக்கு வாங்கியதுபோலப் பளபளத்தது. வந்தவர்கள் நல்ல வடிவு என்றார்கள். பெட்டியை மூடுமுன் அங்கே வேலை செய்யும் வெள்ளைக்காரர், எரிக்கும்போது உலோகம் உள்ளே இருக்கக் கூடாது என்று பணிவாகச் சொல்லிப் பட்டியைக் கழற்றினார். மாமாவிடம் நீட்டினார். பெரியம்மா வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். உருக்கித் துஷிக்கு ஒட்டியாணம் செய்யலாம் என்று காரில் அம்மாவிடம் சொன்னார்.

செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் எழுத வேண்டும் என்று அம்மா சொல்கிறார். மாமி அன்பானவர், எல்லோருக்கும் இனியவர் என்று எழுதினால் அவர் இந்தத் தாளையும் குற்றியில் வைத்து நசுக்குவார். அவர் இனியவர் இல்லை. அக்காவை அழ வைத்தார், என்னை அழ வைத்தார். ஆனால் பொய்யாக ஒன்றும் செய்யவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நாங்கள் கொடுக்கவில்லை.

பெரியம்மா குப்பையில் போட்ட சாறத் துண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அது முழுக்கக் கறுப்பு. மாமியும் அவருடைய தாயும் கட்டித் திரிந்த காலமெல்லாம் அதில் இருக்கிறது. பெரியம்மாவின் கைப்பையில் இருப்பது வெறும் வெள்ளி. இந்தத் துணியை நான் தோய்க்க மாட்டேன்.