பாடகரிடம் ஐ.சி. கேட்ட கதை

எழுபதுகளின் கடைசியில் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு ராக் இசைக்குழு இருந்தது. தோட்டத்து லோரி ஓட்டுநர் கித்தார் வாசித்தார். கொழுந்து உருட்டும் மெஷினில் நின்றவர் இன்னொரு கித்தார். ஆபீஸ் பியூன் டிரம் அடித்தார். பாடுகிறவர் மலைச்சரிவில் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். நால்வரும் முடியைத் தோள் வரை விட்டிருந்தார்கள். காலடியில் விரியும் சிலுவார், அதாவது பேன்ட், போடுவார்கள். மழை நாளில் அந்தச் சிலுவார்கள் தோட்டத்துச் சேற்றில் பாதியைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும்.

நானும் என் அக்காவும் அவர்களுடைய ரசிகைகள். தோட்டத்து கிளப்பில் ஒத்திகை நடக்கும்போது சன்னலுக்கு வெளியே நிற்போம், அவ்வளவுதான். உள்ளே போனால் அப்பா காலை உடைத்துவிடுவார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கொழுந்து எடுக்கப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மலையிலும் எனக்கு மேல் நிரையில்தான் நிற்பாள்.

குழுவுக்குச் சொந்தப் பாட்டு கிடையாது. வாசித்ததெல்லாம் ஒரே ஒரு பாடகருடைய பாட்டுகள். அவர் கோலாலம்பூரில் இருந்தார். சினிமாப் பாட்டைத் தொடமாட்டார். தானே எழுதி, கித்தாரும் டிரம்மும் வைத்துத் தமிழில் பாடுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வானொலியில் வந்துவிடும். அவர் பாட்டைப் போடச் சொல்லி நானும் அக்காவும் வானொலிக்கு அனுப்பிய போஸ்ட் கார்டுகள் எத்தனை என்று எங்களுக்கே தெரியாது. ரேடியோ பாட்டரி தீர்ந்துபோனால் அதைக் கழற்றி அடுப்போரம் வைத்துச் சூடாக்குவோம். இன்னும் ஒரு பாட்டுக்குத் தாங்கும்.

அவர் முகம் மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்கு டிவி வரவில்லை. பத்திரிகையில் ஒரு தடவை அவர் படம் வந்தது. அச்சு மை பரவி, தெரிந்தது ஒரு மீசை மட்டும்தான். மீசை எங்கள் தோட்டத்தில் எல்லாரிடமும் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து விளையாட்டுப் போட்டி முடிந்து பரிசு கொடுக்கும் நாள். தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் திடலில் லோரியை நிறுத்தி, பக்கப் பலகைகளை இறக்கிவிட்டு அதையே மேடையாக்கியிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து நீளமாக வயர் இழுத்துக் கரண்ட் வந்தது. கச்சேரி மத்தியானம் இரண்டு மணிக்கு. நாலு மணிக்கு மேல் பனி இறங்கினால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது.

இரண்டு மணிக்கு எங்கள் குழுவில் பாடுகிறவருக்குக் குரல் இல்லை. மருந்தடிக்கப் போய் மூன்று நாள் மழையில் நனைந்தவர். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தோட்ட ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணிதான் விழாவுக்குப் பொறுப்பு. அவர் மைக்கில் சொன்னார்: "இன்னிக்குப் பாட்டு இல்ல. மியூசிக் மட்டும்தான். பாட்டு தெரிஞ்சவங்க மனசுக்குள்ளயே பாடிக்குங்க."

கூட்டம் அதற்கும் கைதட்டியது.

நானும் அக்காவும் திடலோரம் தேத்தண்ணி கொடுக்கும் மேசையில் நின்றோம். மூன்றாவது பாட்டு, அதாவது மூன்றாவது மியூசிக், ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் ரோட்டிலிருந்து இறங்கி வந்தார். பழுப்பு ஸ்வெட்டர், கையில் காலிப் பால் புட்டி. பின்னால் அவர் மனைவி குழந்தையைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா? புள்ளைக்குப் பால் கலக்கணும். தாப்பாவுலருந்து ஏறுனதுல காரு சூடாயி நின்னுடுச்சு."

அக்கா புட்டியில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். காருக்கு ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் எடுத்து வைத்தாள். இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். அவர் மேடையைப் பார்த்தபடி குடித்தார்.

"யாரும் பாடலியா?"

"பாடுறவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சுண்ணே," என்றாள் அக்கா. "இதெல்லாம் ரேடியோவுல பாடுறாரே, அவரோட பாட்டுதான்." பெயரைச் சொன்னாள்.

"ஓ. நல்லாப் பாடுவாரா?"

அக்கா பதில் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. புத்திசாலியாகத் தெரிய வேண்டும் என்று நினைத்திருப்பேன்.

"முன்ன நல்லாப் பாடுவாருண்ணே. இப்ப கொஞ்ச நாளா மூக்கால பாடுறாரு."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மனைவி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. தேத்தண்ணி புரையேறிவிட்டது என்று நினைத்து அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

பாலைக் கலக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போவார் என்று பார்த்தால், இரண்டும் செய்யாமல் மேடைப் பக்கம் நடந்தார். லோரி ஓட்டுநர் ஒரு இடத்தில் எப்போதும் தப்பாக வாசிப்பார். அதே இடத்தில் அன்றும் தப்பினார். இவர் லோரிக்குக் கீழே நின்று அண்ணாந்து ஏதோ சொன்னார். ஓட்டுநர் குனிந்து கேட்டார். விரலை மாற்றி வைத்து வாசித்துப் பார்த்தார். முகம் மாறியது. கையைக் கொடுத்து இவரை மேலே தூக்கிவிட்டார்.

பால் புட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மைக்குக்கு முன்னால் வந்து அவர் சொன்னார்: "அங்க ஒரு தங்கச்சி, நான் மூக்கால பாடுறதா சொன்னாங்க. இன்னிக்கு வாயால பாடிப் பாக்குறேன்."

அக்கா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அந்தத் தழும்பு ஒரு வாரம் இருந்தது.

அவர் பாடினார். வானொலியில் வருகிற அதே குரல். அதனால்தான் யாரும் நம்பவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "ரேடியோவ மைக்குகிட்ட வச்சு ஏமாத்துறானுங்க லா," என்றார். இன்னொருவர், "அவர மாதிரியே பாடுறான், கெட்டிக்காரன்," என்றார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்தது. அது மிமிக்ரிக்குக் கிடைக்கும் கைதட்டல்.

கிராணி மேடையேறினார். "தம்பி, நல்லாப் பாடுனீங்க. நீங்க யாரு?"

அவர் பெயரைச் சொன்னார்.

திடல் முழுக்கச் சிரித்தது. கிராணி சிரிக்கவில்லை. அவர் பொறுப்பான மனிதர். "அப்படின்னா ஐ.சி. இருக்கா?" என்று கேட்டார். ஐ.சி. என்றால் அடையாள அட்டை. இந்த நாட்டில் யாரும் அது இல்லாமல் வெளியே போகமாட்டார்கள்.

பால் புட்டியை டிரம் அடிப்பவரிடம் கொடுத்துவிட்டு அவர் பைக்குள்ளிருந்து ஐ.சி.யை எடுத்தார். கிராணி மூக்குக் கண்ணாடியைப் போட்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மைக்கில் அறிவித்தார்:

"இதுல வேற பேரு போட்டிருக்கு."

"அது அப்பா அம்மா வச்ச பேருங்க. பாடுறதுக்கு வேற பேரு."

"அத எப்படி நாங்க தெரிஞ்சிக்கிறது?"

அவருக்கும் அது தெரியவில்லை. "இன்னொன்னு பாடட்டுமா?" என்று கேட்டார்.

பனி அன்று சீக்கிரமே இறங்கியது. இரண்டாவது பாட்டின் பாதியில் தொழிற்சாலைக் கூரை மறைந்தது. பிறகு லோரியின் முன்பக்கம் மறைந்தது. பாட்டு முடிவதற்குள் மேடையில் இருந்த ஐந்து பேரும் மறைந்தார்கள். எங்களுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்வெட்டரும் இல்லை, பால் புட்டியும் இல்லை. இரவில் வேலை முடித்து, விளக்கைக் குறைத்துவிட்டு ரேடியோவில் கேட்போமே, அப்படிக் கேட்டது. "ஐயோ, அவருதான்டி," என்றாள் அக்கா. அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. மூக்கைப் பற்றிச் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. மூன்றாவது பாட்டுக்குத் திடலில் யாரும் இருமக்கூட இல்லை. முடிந்த பிறகு எந்தப் பக்கம் பார்த்துக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லாரும் சுற்றிலும் தட்டினோம்.

அவர் வாளியை எடுக்க மேசைக்கு வந்தபோது மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நெஜமாவே மூக்கால பாடுறேனா?"

"கொஞ்சம்," என்றேன்.

"எந்தப் பாட்டுல?"

சொன்னேன்.

"அத ரெக்கார்டிங் பண்ணுன அன்னிக்கு எனக்குச் சளி," என்றார். "வேணாம்னு சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டாங்க."

கார் கிளம்பி தானா ராத்தா பக்கம் போகும் சத்தம் கேட்டது. காரை யாரும் பார்க்கவில்லை. ஒருவரும் கையெழுத்து வாங்கவில்லை, படம் எடுக்கவில்லை. கிராணி மட்டும் ஐ.சி. எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்கும் புரியவில்லை.

மறுநாளே தொல்லை ஆரம்பித்தது. பக்கத்துத் தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. திரிங்காப்பில் காய்கறி லோரியில் வேலை செய்த எங்கள் மாமா அன்று முட்டைக்கோஸ் ஏற்றப் போனதால் கச்சேரிக்கு வரவில்லை. அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "ஐ.சி.ல வேற பேருன்னா வேற ஆளுதான் லா."

நானும் அக்காவும் வானொலிக்குக் கார்டு எழுதினோம். அவர் வந்தார், மூன்று பாட்டு பாடினார், அதை அறிவிப்பில் சொல்லுங்கள் என்று எழுதினோம். ஐந்தாறு வாரம் கழித்து எங்கள் தோட்டத்தின் பெயர் வந்தது. லைனே ரேடியோவுக்கு முன்னால் கூடிவிட்டது. மாமாவும் இருந்தார். அறிவிப்பாளர் இனிமையாக வாசித்தார்: தங்கள் தோட்டத்துக்கு இந்தப் பாடகர் நேரில் வந்து பாடியதாக இரண்டு சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்காக இதோ ஒரு பாடல். பிறகு வேறு யாரோ ஒரு அம்மா பாடிய தாலாட்டைப் போட்டார்.

"பாடியதாக," என்றார் மாமா. "கேட்டீங்கல்ல? பாடினார்னு சொல்லல. பாடியதாக."

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

லோரி ஓட்டுநருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த ஒரு இடத்தில் பிறகு அவர் தப்பவே இல்லை. தானா ராத்தா கல்யாணங்களுக்கெல்லாம் குழு போய் வாசித்தது. எண்பதுகளில் ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், இன்னொருவர் முடியை வெட்டிக்கொண்டு கட்டுமான வேலைக்கு இறங்கிப் போனார். கித்தார் இரண்டும் கிளப் அலமாரியில் கிடந்து ஈரத்தில் வளைந்துபோயின.

அக்கா கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போனாள். அங்கே ஒரு மண்டபத்தில் அந்தப் பாடகரின் கச்சேரி நடந்தது. முடிந்ததும் அக்கா வரிசையில் நின்று அவர் முன்னால் போயிருக்கிறாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். லோரி மேடை, பனி, மூன்று பாட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு ஞாபகம் இல்லை. "கேமரன்ல ரெண்டு மூணு எடத்துல பாடியிருக்கேம்மா," என்றாராம். பக்கத்தில் இருந்த மனைவிதான், "காரு நின்னுச்சே, அந்த எடம்ங்க. நமக்குத் தேத்தண்ணி குடுத்தாங்களே," என்றாராம்.

தீபாவளிக்கு வந்த அக்கா இதை லைன் முழுக்கச் சொன்னாள். அதற்குள் சந்தேகப்பட்டவர்களில் பாதிப் பேர் டவுனுக்குக் குடிபோயிருந்தார்கள். மாமா இருந்தார். கேட்டுவிட்டு, "சரி, வந்திருப்பாரு," என்றார். அவருக்கு அப்போது காது சரியாகக் கேட்பதில்லை.

ராத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் கேட்டேன்.

"அவருகிட்ட என்னப் பத்திச் சொன்னியா?"

"எதுக்கு?"

"மூக்கு விஷயம்."

"பின்னால அவ்ளோ பேரு நிக்கிறாங்க," என்றாள். "அதையும் சொல்லிட்டு நிக்கச் சொல்றியா?"

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் படுக்கப் போனாள்.