அத்தான் மாட்டிய பிஸ்டன்

செய்தி வந்தபோது அக்காவின் ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் டயாலிசிஸ் வார்டு, பக்கத்து ஸ்டூலில் நான். போனில் ஊர்க்காரர் ஒருவர், "ஒங்க அத்தான் ரோட்டோரம் உக்காந்த மேனிக்கே சாஞ்சுட்டாவ. தூக்கிப் பாத்தோம், உயிர் இல்ல" என்றார். அக்கா கண்ணைத் திறந்து, "யாருலே, அவியளா? சாப்ட்டாவளான்னு கேளு" என்றாள். "சாப்ட்டாச்சாம்க்கா" என்றேன். நர்ஸம்மாவிடம் காதோடு சொன்னேன். மெஷின் ஓடும்போது அக்காவிடம் சொல்லவே கூடாது என்று என் தோளை அழுத்திவிட்டுப் போனார். முடிகிற வரைக்கும், செத்துப்போன மனுஷரைச் சாப்பிட வைத்தேன், ஆட்டுக்குத் தண்ணி காட்ட வைத்தேன், சாயங்காலம் ரோட்டுக்கு வரச் சொல்லிவைத்தேன். அப்படிப்பட்ட பொய் யாருக்கும் வாய்க்கக் கூடாது.

முத்துச்செல்வம் அத்தானை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவர் வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எப்போதும்வென்றான் ஊருக்கும் தள்ளி, தார் ரோட்டை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள். நாலு தூறல் விழுந்தால் கரிசல் சக்கரத்தில் அப்பிக்கொண்டு, ஆட்டோவும் வராது, ஆம்புலன்சும் வராது. அக்காவுக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி. "டவுனுக்கு வந்துருங்க அத்தான்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "ஆட்டை எங்கன கெட்ட? உம்ம ஜெராக்ஸ் மெஷின் காலுலயா?" என்பார். என் கடை அந்த ஒரு மெஷின் அகலம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

கிடாய்களை விற்றுவிட்டு, மலைப்பக்கம் மூடிப்போன ஒரு விடுதியில் கிடந்த நாலு சக்கர பைக்கைக் கொண்டுவந்தார். ஏ.டி.வி. என்று அதற்குப் பெயர். ஊரில் 'நாலுகால்' என்றார்கள். பின்னால் இரும்புப் பெட்டி வைத்து, மெத்தை போட்டு, குடை சொருக ஒரு குழாயும் பற்றவைத்தார். சேற்றில் அது போயிற்று. ஓடைக்கரை மேட்டில் மட்டும், இரண்டு பேர் பாரத்துக்கு, மூச்சு வாங்கி நின்றுவிடும். ஒரு நாள் வண்டி நடு மேட்டில் நின்றுவிட, அக்காவை முதுகில் சுமந்து ரோட்டுக்கு வந்தார். அன்று ஆஸ்பத்திரியில் அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

மறுநாளே, மேடு ஏற இழுவை கூடட்டும் என்று ஹை கம்ப்ரஷன் பிஸ்டனுக்கு ஆர்டர் போட்டார். கூரியரில் பிஸ்டன் வந்ததும், சிலிண்டரைக் கழற்றி, அதன் துளையைப் பெரிதாக்கப் பட்டறையில் கொடுத்தார். போர் பண்ணுவது என்பார்கள். அங்கேதான் வந்தது வினை. டீக்கடையில், "போருக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் போர் என்றால் தண்ணிக்குப் போடுகிற ஆழ்துளைக் கிணறுதான், யாருக்கு இன்ஜின் ஞாபகம் வரும்? "பொண்டாட்டி சாகக் கெடக்கா, இவன் போர் போடுதானாம்" என்று எங்கள் பெரியப்பா வீட்டில் இருந்து சண்டைக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். அத்தான் சட்டைப்பையில் இருந்து பிஸ்டனை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, "இந்தா, இதுதான் என் போரு. தண்ணி வருதான்னு பாருங்க" என்றார். அக்கா அன்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

இன்ஜினை இறக்கிப் பிஸ்டனை மாட்டியது அடுப்படியில். ஆட்டுப்பட்டிப் புழுதி வராத இடம் அது ஒன்றுதான். அக்கா சுவரில் சாய்ந்திருக்க, நான் சாமான் எடுத்துக் கொடுக்க, வானம் கருத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் வண்டி ஓடியாக வேண்டும். இந்தப் பிஸ்டனின் தலை மேடாக இருக்கும். வால்வு இறங்கி அதில் இடித்தால் இன்ஜின் காலி. அளந்து பார்க்கப் பிஸ்டன் மேலே பிசைந்த எதையாவது வைத்து, ஹெட்டை மூடி, கையால் சுற்ற வேண்டும். நான் அறிவாளி மாதிரி, "கரிசல் மண்ணைக் கொழச்சு வைப்போமா?" என்றேன். "அடப்பாவி மாப்ள! அதுல ஒரு சுக்கான்கல்லு கெடந்தாப் போதும், சிலிண்டர் கீறிப்போவும்" என்று கத்திவிட்டு, அக்காவின் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைப் பிய்த்து எண்ணெய் தடவி வைத்தார். திறந்தபோது மாவில் வால்வின் தடம் பதிந்திருந்தது. தடத்துக்கு அடியில் போதுமான கனம் இருந்தது, வால்வு இடிக்காது. அதை அவர் அக்காவிடம் நீட்ட, அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்கு முன்னால்தான் உயிர் போய் உயிர் வந்தது. பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு கம்பி வளையம் உண்டு, லாக் என்பார்கள். அது துள்ளி இன்ஜினின் அடிவயிற்றுக்குள் விழுந்தால் இன்ஜினையே பிளக்க வேண்டும். துள்ளிற்று. அத்தான் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். "ஏட்டி பேச்சி, போச்சுட்டி" என்றார் அக்காவிடம். அக்காதான் குனிந்து பார்த்து, "அங்கன துணியிலதான கெடக்கு" என்றாள். துளையை அடைத்து அவர் திணித்து வைத்திருந்த அவளுடைய பழைய சேலைத்துணியில் அது மாட்டிக்கொண்டு கிடந்தது. அவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வண்டி ஓடைமேட்டில் குதித்து ஏறிற்று. ஆனால் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது மல்லாகிவிட்டது. பேட்டரி இருந்தால் பட்டனை அழுத்தலாம், இல்லாவிட்டால் கயிறுதான். கம்ப்ரஷன் கூடினால் கயிறு கையைப் பிடுங்கும். "முட்டுற இடத்துல மல்லுக்கெட்டாதயும் மாப்ள. மெல்ல இழும். முட்டும். கொஞ்சம் பின்னால விடும். பெறவு இழும்" என்பார். எனக்குப் பிடிபடவே இல்லை. "இனி இதுக்கு ஒசத்திப் பெட்ரோல்தான், ஒங்க அக்காளை மாதிரி இதுக்கும் பத்தியம்" என்று அதற்கும் ஒரு கேலி.

அவர் போன அன்றைக்குப் பேட்டரி இறங்கியிருந்தது. கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணி, அக்காவை ரோட்டில் ஆம்புலன்சில் ஏற்றி, கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நெஞ்சுவலி முன்னமே இருந்ததாம். எங்களில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் மேல் எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் போய்க் காட்ட? இன்ஜினை மாவு வைத்து அளந்தீர்களே அத்தான், உங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் இல்லையா?

அக்கா அழவில்லை. "என்னைச் சொமந்துதான் அவிய செத்தாவ. இனி நான் ஆஸ்பத்திரிக்கு வரல" என்றாள். காரியம் முடிகிற வரைக்கும் உறவெல்லாம் சேர்ந்து எப்படியோ அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். பிறகு படுத்துவிட்டாள். கால் வீங்கிற்று, முகம் வீங்கிற்று, மூச்சு இழுத்தது. கெஞ்சினேன், திட்டினேன், அவள் காலில் விழுந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதோடு மழையும் பிடித்துக்கொண்டது.

பொறுக்க மாட்டாமல் வண்டி நின்ற கொட்டகைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து வெறிகொண்டு இழுத்தேன். பிடுங்கிற்று, உள்ளங்கை உரிந்தது. "பாவி மனுஷா, இப்பிடி ஒரு பிஸ்டனை மாட்டி வச்சிட்டுப் போயிட்டீரே" என்று மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். மறுபடி இழுத்தேன். வீட்டுக்குள் இருந்து குரல் வந்தது. "ஏலே! நிறுத்துலே!" நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். "அவிய மாட்டுன சாமானை ஒடைக்கவா வந்த? முட்டுற இடத்துல மல்லுக்கெட்டாதேன்னு எத்தன வாட்டி சொன்னாவ? மெல்ல இழு." இழுத்தேன். "முட்டுதா? பின்னால விடு. இப்ப இழு."

வண்டி பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அவள் அழுதாள், வாய்விட்டு, இத்தனை நாளுக்கும் சேர்த்து. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, "பெட்ரோல் எரியுதுல்லா, பாத்துக்கிட்டே நிக்க?" என்று பெட்டியில் ஏற வந்தாள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது உள்ளங்கையில் இந்தத் தழும்பும், 'மல்லுக்கெட்டாதயும்' என்ற அந்த ஒரு வார்த்தையும்தான். அக்கா இப்போதும் ஒவ்வொரு முறையும், "இதான்லே கடைசி, இனிமே வரமாட்டேன்" என்கிறாள். நான் மல்லுக்கட்டுவதில்லை. கொஞ்சம் பின்னால் விட்டு, பிறகு இழுக்கிறேன்.